தென்பெருங்கடல்: சொல் விளக்கம்

அண்டார்டிகாவைச் சுற்றி வளைத்துக் கிடக்கும் கடற்பரப்புக்குத் தென்பெருங்கடல் என்று பெயர். அண்டார்டிக் பெருங்கடல், தெற்குப் பெருங்கடல் என்றும் எழுதுகிறார்கள்.

‘அண்டார்டிக்’ என்ற சொல்லுக்குள் ஒரு கரடி ஒளிந்திருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஆர்க்டோஸ்’ என்றால் கரடி. வடவானத்துப் பெருங்கரடி விண்மீன் கூட்டத்தை வைத்து வடதிசைக்கு ஆர்க்டிக் என்று பெயர் வந்தது. சங்க இலக்கியம் ‘எழுமீன்’ என்று சொல்வது அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஆர்க்டிக்குக்கு எதிர்ப்பக்கம் அண்டார்டிக். பனிக்கரடிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

தமிழில் திசையை வைத்துக் கடலுக்குப் பெயர் சொல்வது பழைய வழக்கம். கிழக்கே குணகடல், மேற்கே குடகடல். அப்படியானால் ‘தென்கடல்’ போதாதா என்றால், போதாது. அது குமரிக்குத் தெற்கே தெரியும் கடலையே நினைவூட்டும். ‘பெருங்கடல்’ சேர்ந்தால்தான் பொருள் சரியாக நிற்கிறது.

இந்தப் பெயருக்கு அங்கீகாரம் கிடைத்ததா என்பது நீண்ட கதை. கடல்களின் பெயரையும் எல்லையையும் பட்டியலிடுவது மொனாக்கோவில் உள்ள பன்னாட்டு நீர்ப்பரப்பியல் அமைப்பு. 1928இல் வந்த முதல் பட்டியலில் தென்பெருங்கடல் இருந்தது. 1953இல் வந்த மூன்றாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மற்றக் கடல்களுக்குக் கரை எல்லை. இதற்கு வடக்கே கரையே கிடையாது. பருவத்துக்குப் பருவம் எல்லை நகர்கிறது என்றால் கோட்டை எங்கே போடுவது? 2000இல் உறுப்பு நாடுகளிடம் மறுபடி கேட்டபோது, பதில் சொன்னவற்றில் பெரும்பாலானவை இந்தப் பெயரை ஏற்றன; 60 பாகைத் தென் அகலக்கோட்டை வடக்கு எல்லையாகப் பாதி நாடுகள் ஏற்றன. 2002இல் வரைவும் தயாரானது. ஆனால் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள கடலை எப்படி அழைப்பது என்ற தகராறில் மொத்தப் பதிப்பும் முடங்கிப்போனது. தென்முனைக் கடலின் பெயர் எங்கோ வடக்கே நடந்த சண்டையில் சிக்கிக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆஸ்திரேலியாவோ தன் தென்கரையிலிருந்தே இந்தக் கடல் தொடங்குகிறது என்கிறது. நேஷனல் ஜியோகிராஃபிக் நிறுவனம் 2021 ஜூன் 8 அன்று இதை ஐந்தாவது பெருங்கடலாகத் தன் வரைபடங்களில் ஏற்றது.

அப்புறம், இதற்குள் இருக்கும் சிறு கடல்கள். 1823 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மாலுமி ஜேம்ஸ் வெடல் ‘ஜேன்’ என்ற சிறு பாய்க்கப்பலில் 74 பாகைத் தெற்கு வரை போனார். சுற்றிலும் பனி அடைத்திருக்க வேண்டிய இடத்தில் திறந்த நீர் கிடந்தது. அதற்குத் தன் நாட்டு மன்னர் நான்காம் ஜார்ஜின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை; 1900இல் வெடல் கடல் ஆனது. கண்டவர் பெயரே கடைசியில் நின்றது நியாயம் என்பேன்.

தமிழில் எழுதும்போது ஆள்பெயரை அப்படியே வைத்துக் ‘கடல்’ சேர்த்தால் போதும்: வெடல் கடல், ராஸ் கடல், அமுண்ட்சென் கடல். பொருள் உள்ள பெயரை மட்டும் மொழிபெயர்க்கலாம். சோவியத் பயணக்குழு 1962இல் முதல் விண்வெளிப் பயணிகளின் நினைவாகப் பெயரிட்ட கடலை ‘விண்வெளி வீரர் கடல்’ என்றே எழுதலாம், ‘காஸ்மோனாட்’ தேவையில்லை.