போனஸ்: தமிழில் என்ன சொல்வது?

ஓணம் நெருங்கினால் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டு ஆலை வாசல்களில் அடிபடுகிற சொல் ஒன்றுதான்: போனஸ். மலையாளத்திலும் அதுவே, தமிழிலும் அதுவே. வாளையாறு தாண்டி வரும் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆட்களும் வாயிற்கூட்டத்தில் நின்று கேட்பது இந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும்தான். என் அப்பா அங்கே ஓர் இரும்பாலையில் உலைப் பிரிவில் வேலை பார்த்தார். கடைசி 14 வருடம் யூனியன் செயலாளர். எண்ணுக்காகச் சண்டை போட்ட அளவுக்கு அவர் சொல்லுக்காகவும் சண்டை போட்டார். அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

லத்தீனில் போனஸ் என்றால் ‘நல்ல’ என்று பொருள், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குப் போய், ‘சேரவேண்டியதற்கு மேல் கிடைக்கும் நல்லது’ என்று ஆனது. நம் நாட்டு ஆலைகளுக்கு அது வந்த வழி அவ்வளவு நல்லதல்ல. முதல் உலகப்போரில் விலைவாசி ஏறியபோது, பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகள் கூலியை உயர்த்தாமல் 1917-இல் 10 சதவீதம் ‘போர் போனஸ்’ கொடுத்தார்கள். அகமதாபாத்தில் கொள்ளைநோய்க்குப் பயந்து ஊரைவிட்டு ஓடும் தொழிலாளரைப் பிடித்துவைக்க ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். 1918-இல் காந்தி முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அதிலிருந்து பிறந்ததுதான். பம்பாயிலும் சில வருடங்களில் போனஸ் நின்றது. 1924-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, விசாரித்த குழு ‘இதைக் கேட்க உங்களுக்கு உரிமையே கிடையாது’ என்று எழுதிவிட்டது. கொடுத்தவர் விருப்பம், நிறுத்தியவர் விருப்பம். கூலி என்று பெயர் வைத்திருந்தால் அப்படி நிறுத்தியிருக்க முடியுமா?

உரிமை என்று ஆவதற்கு 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வரவேண்டியிருந்தது. நட்டம் வந்தாலும் வருடக் கூலியில் குறைந்தபட்சம் 4 சதவீதம், எவ்வளவு லாபம் வந்தாலும் 20 சதவீதத்துக்கு மேல் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் 4 என்பது 8.33 ஆனது. நெருக்கடிநிலைக் காலத்தில் மறுபடி 4-க்கு இறக்கினார்கள், பிறகு 8.33-க்கே திரும்பியது.

8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. இதற்கு யூனியன்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மாதத்துக்கு நாலு வாரம் என்று கூலி போட்டால் 12 மாதத்துக்கு 48 வாரம். வருடத்துக்கோ 52. விட்டுப்போன நாலு வாரம்தான் போனஸ். அப்பாவும் இதைக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறார், கைதட்டும் வாங்கியிருக்கிறார். ஆனால் சட்டம் பிறந்தபோது இருந்த எண் 4 என்பதால், வரலாறு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. கணக்கு பிசகினாலும் அதன் உள்ளே இருக்கும் எண்ணத்தை நான் மதிக்கிறேன்: எங்களுக்குச் சேரவேண்டியது உங்களிடம் நின்றுபோயிருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெகுமதி’ பரிசு ஆகிவிடும். ‘ஊக்கத்தொகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது கூடுதலாக உற்பத்தி செய்தவருக்குக் கொடுக்கும் இன்சென்டிவ், போனஸ் அல்ல. தமிழ்நாட்டு அரசு ஆணைகளில் ‘மிகை ஊதியம்’ என்று இருக்கும். பக்கத்திலேயே ‘கருணைத் தொகை’ என்று இன்னொன்றும் வரும்: 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை, ஆக 20.

இந்தக் கருணைத் தொகைதான் அப்பாவைத் தூங்கவிடாத சொல். ஒரு வருடம் மாவட்ட லேபர் ஆபீசர் முன்னால் பேச்சுவார்த்தை. எண் மாலைக்குள் முடிந்துவிட்டது. நிர்வாகம் எழுதிக்கொண்டு வந்த உடன்பாட்டில், 8.33-க்கு மேல் கொடுப்பதெல்லாம் எக்ஸ் கிரேஷியா, அதாவது கருணைத் தொகை, என்று இருந்தது. அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். “காசு அதேதானே, பேர்ல என்ன இருக்கு சேட்டா?” என்று கூட வந்தவர்களே கேட்டார்களாம். “கருணைன்னு எழுதினா, அடுத்த வருஷம் கருணை இல்லைன்னு சொல்லிருவாங்க” என்றாராம். ராத்திரி பத்து மணிக்கு வேறு வழியில்லாமல் போட்டார். ஓணத்துக்கு இரண்டே நாள். காத்திருந்தவர்கள் வீட்டில் அரிசி வாங்க வேண்டும். அடுத்த வருடம் அவர் சொன்னபடியே நடந்தது, 8.33-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். அதைத் தன் தோல்வியாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மூணாறில் 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டப் பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்ததும் போனஸைக் குறைத்ததற்காகத்தான். யூனியன் தலைவர்களையே அண்டவிடாமல், ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று தாங்களே கூடினார்கள். அவர்கள் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. ஆனால் உடன்பாட்டில் எப்படி எழுதப்பட்டது? 8.33 போனஸ், 11.67 எக்ஸ் கிரேஷியா. செய்தியைப் படித்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்ததை நான் பார்த்தேன்.

‘மிகை ஊதியம்’ பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மிகை என்றால் தமிழில் கூடுதல் மட்டுமல்ல, வேண்டாத கூடுதல் என்றும் தொனிக்கும். ஆனால் இரண்டாவது பாதி அருமையான சொல். ஊதியம் என்றால் இன்று சம்பளம். குறளில் அப்படியில்லை. ‘ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்னும்போது அது ஆதாயம், லாபம். லாபத்துக்கு இருந்த சொல்தான் காலப்போக்கில் கூலிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போனஸ் என்பது லாபத்தில் பங்கா, பாக்கி நின்ற கூலியா என்று நீதிமன்றங்களில் எத்தனையோ வருடம் வாதாடியிருக்கிறார்கள். ஊதியம் என்ற சொல்லுக்குள் அந்த இரண்டும் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

ஆகவே நான் ‘ஊதியப் பங்கு’ என்பேன். பழைய பொருளில் லாபத்தின் பங்கு, புதிய பொருளில் கூலியின் பங்கு. கருணைக்கு அதில் இடமில்லை. வாயிற்கூட்டத்தில் போனஸ் என்றே பேசட்டும், குற்றமில்லை. உடன்பாட்டைத் தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லைப் போடலாம்.

பங்கு என்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. கேரள வயல்களில் கதிர் அறுத்தவர்களுக்குக் களத்திலேயே அளந்து கொடுக்கும் நெல்லுக்குப் ‘பதம்’ என்று பெயர். பாட்டி பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வயல்களில் பதம் வாங்கிய கை. அப்பா முதல் போனஸைக் கொண்டுவந்து கொடுத்தபோது பாட்டி கேட்டாளாம்: “இது என்ன காசுடா, நம்ம பதம் மாதிரியா?”

“ஆமாம்மா, அதேதான்” என்றாராம் அப்பா.