வெளியே வறுவல், உள்ளே அவியல்

முதல் தடவை வால்நட் சம்சா செய்தபோது மேலோடு நன்றாகச் சிவந்து வந்தது. கடித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பருப்பு, அவித்த வேர்க்கடலை மாதிரி சவசவவென்று இருந்தது. 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 25 நிமிடம் கிடந்த பருப்பு ஏன் வறுபடவில்லை?

சம்சா உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் பக்கத்துப் பண்டம். நம் டீக்கடை சமோசாவுக்குச் சொந்தம்தான். இரண்டு பெயரும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. 14-ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் டெல்லி விருந்துகளில் கொத்துக்கறியோடு பாதாம், பிஸ்தா, வால்நட் வைத்து மடித்த பண்டம் பரிமாறப்பட்டதை மொராக்கோப் பயணி இபின் பதூதா எழுதியிருக்கிறார். மத்திய ஆசியத் தெருக்களில் இன்று அதிகம் விற்பது ஆட்டுக்கறி சம்சா. வால்நட்டும் சர்க்கரையும் வைத்த இனிப்பு சம்சாவும் உண்டு. கிர்கிஸ்தானின் அர்ஸ்லான்பாப் மலைச்சரிவுகளில் வால்நட் காடாகவே வளர்கிறது, பருப்புக்கு என்ன பஞ்சம்!

அடுக்கு சம்சாவின் சூட்சுமம் கொழுப்பில் இருக்கிறது. மைதாவைப் பிசைந்து, ஊறவிட்டு, மெல்லிசாகத் தேய்த்து, மேலே வெண்ணெய் தடவிப் பாய் போலச் சுருட்டுகிறார்கள். சுருளைக் குளிர வைத்துத் துண்டு போட்டு, வெட்டுமுகம் மேலே இருக்கும்படி வைத்துத் தேய்க்கிறார்கள். ஒரு மாவு ஏடு அடுத்ததோடு ஒட்டாமல் நடுவில் கொழுப்பு தடுக்கிறது. அடுப்பில் மாவின் ஈரம் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரிந்து ஏடுகளைப் பிரிக்கிறது; பிரிந்த நிலையிலேயே மாவு வெந்து இறுகிவிடுகிறது. வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால், சித்திரை மாதச் சமையலறையில் இந்த வேலை ஆகாது. கொழுப்பு மாவுக்குள் இறங்கி, அடுக்கு கரைந்து பிஸ்கட் ஆகிவிடும். ஃபிரிட்ஜை நம்புங்கள்.

இனி அந்தச் சவசவப்புக்கு வருவோம். இட்லியை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் சிவப்பதில்லை, கவனித்திருப்பீர்கள். ஈரம் இருக்கும்வரை, உள்ளே வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. நிறமும் வறுத்த மணமும் தரும் மெய்லார்ட் வினை மும்முரமாவதோ 140 டிகிரி வாக்கில். சம்சாவின் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து அந்தச் சூட்டைத் தொட்டுவிடுகிறது. பூரணத்தை ஒட்டிய உள்மாவோ கடைசிவரை ஈரமாக இருந்து, பருப்புக்கு ஒரு இட்லிப்பானை ஆகிவிடுகிறது.

ஆகவே வால்நட்டைத் தனியாக வறுத்துவிட்டுத்தான் பூரணம் பிடிக்க வேண்டும். 170 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் போதும். சூட்டோடு துணியில் போட்டுத் தேய்த்தால் பழுப்புத் தோல் ஓரளவு உதிரும். நாக்கை இழுக்கும் துவர்ப்பு அந்தத் தோலின் டானினால் வருவது. மிக்ஸியில் மாவாக அரைத்துவிடாதீர்கள். வால்நட்டின் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் கொழுப்பு. அரைத்தால் எண்ணெய் கசிந்து அடிமாவை ஊறவைத்துவிடும். கத்தியால் கொத்துவதே சரி.

மத்திய ஆசியாவில் சம்சாவுக்குப் பாரம்பரிய அடுப்பு, தந்தூர் என்று நாம் சொல்லும் தந்திர். சம்சாவின் அடியில் தண்ணீர் தொட்டுச் சூடான களிமண் சுவரில் அப்புகிறார்கள். ஈரமாவு சூட்டில் பசையாகிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. வெந்து காய்ந்ததும் பிடி தளர்ந்து சுலபமாகப் பெயர்ந்து வருகிறது.

இரண்டாவது தடவை ஒரு சம்சாவின் ஓரத்தைச் சரியாக அழுத்தவில்லை. வழிந்த சர்க்கரைப் பாகு தட்டில் கருகி, கண்ணாடிச் சில்லு போல இறுகிக் கிடந்தது. அதே சம்சாவைப் பிட்டபோது, உள்ளே தங்கிய பாகு நிறம் மாறாமல் வறுத்த வால்நட்டின் மேல் பளபளத்தது.