திராட்சையோடு ஊறிய புளிப்பு பீர்: நாக்கில் நடப்பது என்ன?

ஒயின் திராட்சை சேர்த்துப் பதப்படுத்திய புளிப்பு பீரில் பலரும் முதல் மடக்கிலேயே பழத்தின் இனிப்பைத் தேடுவார்கள். அது அங்கே இருக்காது. வழக்கமாக லிட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை பழம் சேர்ப்பார்கள். நன்கு பழுத்த ஒயின் திராட்சையில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரைதான் என்றாலும், பீப்பாயில் ஏற்கெனவே குடியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். 5.5 சதவீத பீரில் லிட்டருக்கு 250 கிராம் பழம் போட்டால் ஆல்கஹால் ஏறத்தாழ 6.5 சதவீதத்துக்கு ஏறும். பழத்திலிருந்து நமக்கு மிஞ்சுவது அமிலமும் மணமும் தோலின் துவர்ப்பும்.

இவ்வகையில் பேர்பெற்றவை பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்து லாம்பிக் பீர்கள். முளைகட்டிய வாற்கோதுமையான மால்ட்டோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைகட்டாத கோதுமை, பீரில் வழக்கமாகச் சேர்க்கும் ஹாப் பூ, அதுவும் மணம் போன பழையது. கொதித்த சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஓர் இரவு ஆறவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் இறங்கும். பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை மரப் பீப்பாயில் இருக்கும். 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலை மஸ்கட் திராட்சையில் ‘விக்னரோன்’, மெர்லோ, கேபர்னே ஃபிராங்க் திராட்சைகளில் ‘சேன் லாம்வினுஸ்’ என இரண்டைத் தயாரிக்கிறது.

புளிப்பு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் குவளைக்குள் இருப்பது ஒரே அமிலம் அல்ல. பெரும்பங்கு லாக்டிக் அமிலம்; தயிரில் இருப்பதும் இதுதான். அது எளிதில் ஆவியாகாது, அதனால் அதற்கு வாசனை இல்லை என்றே சொல்லலாம். குடிக்கும் முன்பே மூக்கில் புளிப்பு ஏறினால் அது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். தொண்டையில் சுருக்கென்று பிடிப்பதும் அதுவே. திராட்சை கொண்டுவருவது டார்ட்டாரிக் அமிலம், லாக்டிக்கைவிடக் கூர்மையானது. பழத்தின் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும்.

துவர்ப்பை நாக்கு சுவையாக அல்ல, தொடு உணர்வாகவே அறிகிறது. பழத்தின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், எச்சிலின் வழுவழுப்புக்குக் காரணமான புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. விழுங்கிய பிறகு நாக்கின் நுனியை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள்: பால் கலக்காத கடுந்தேநீர் குடித்ததுபோலச் சொரசொரவென்று இருக்கும். அமிலம் இந்த உணர்வைக் கூட்டுகிறது, குளிர்ச்சியும் கூட்டுகிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த 4 டிகிரி சூட்டில் வெறும் புளிப்பும் துவர்ப்பும்தான் முன்னால் நிற்கும், மணம் எழும்பாது. 10 முதல் 12 டிகிரிக்கு வரும்வரை பொறுப்பது வீண் அல்ல. விதை நசுங்கியிருந்தால் மட்டும் எந்தச் சூட்டிலும் கடுமை குறையாது.

மஸ்கட்டின் பூவாசனைக்குக் காரணம் லினலூல், ஜெரானியோல் போன்ற சேர்மங்கள். இவற்றில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கும். நுண்ணுயிர்களின் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கும்போது மணம் விடுபடும். அதன் அடியில் குதிரை லாயம், ஈரத் தோல் போன்ற வாசனை வந்தால் அது பிரெட்டனோமைசீஸ் ஈஸ்ட்டின் வேலை. அளவோடு இருந்தால் அது குறையே அல்ல.

குறை எது? நகப்பூச்சு அழிப்பான் வாடை, அதாவது எத்தில் அசிட்டேட். பீப்பாயில் மேலே மிதக்கும் பழத்தோல் காற்றில் பட்டால் அசிட்டிக் பாக்டீரியா அங்கே பெருகும். வினிகரோடு சேர்ந்தே இதுவும் வரும். வந்தபின் நீக்க வழியில்லை. ஊற்றும்போது பீர் எண்ணெய்போல நூல்விட்டு ஒழுகினால் பெடியோகாக்கஸ் பாக்டீரியா பசை கட்டியிருக்கிறது. சில மாதங்களில் பிரெட்டனோமைசீஸ் அதைக் கரைத்துவிடும்.

ஏமாற்றுவது மூன்றாவது: எலி வாடை. மூக்கில் தெரியாது, வாயில் வைத்ததும் தெரியாது. விழுங்கிச் சில நொடிகள் கழித்து, பழைய தானிய மூட்டையின் நெடிபோலப் பின்வாயில் கிளம்பும். இதற்குக் காரணமான சேர்மம் அமிலச் சூழலில் ஆவியாகாது. எச்சில் கலந்து அமிலத்தன்மை குறைந்த பிறகே எழும். சிலருக்கு இது அறவே தெரியாது. சந்தேகம் வந்தால் புறங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தோலின் அமிலத்தன்மை பீரைவிடக் குறைவு என்பதால் நெடி அங்கேயே வெளிப்படும். பெரும்பாலும் காலப்போக்கில் தணியும். அதே தொகுதியின் மற்ற பாட்டில்களைச் சில மாதங்கள் திறக்காமல் வைத்திருங்கள்.