டிரெய்லர், முன்னோட்டம், வெள்ளோட்டம்

திரைக்கு வரவிருக்கும் படத்திலிருந்து சில காட்சிகளைத் தேர்ந்து, இரண்டு அல்லது இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கும்படி கோத்து, படத்தைப் பார்க்கத் தூண்டுவதற்காக முன்கூட்டியே வெளியிடும் துணுக்கை டிரெய்லர் என்கிறோம். இதற்கு ஈடான முன்னோட்டம் என்ற தமிழ்ச் சொல் நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் நன்றாகவே வேரூன்றிவிட்டது. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல் படிப்பின் இறுதியாண்டில், தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடும் ஒருவரைப் பற்றி எங்கள் குழு எடுத்த 18 நிமிடக் குறும்படத்துக்கு முன்னோட்டம் வெட்ட உட்கார்ந்தபோதுதான், இரு சொற்களும் இரு வேறு வேலைகளைக் கேட்கின்றன என்பது விளங்கியது.

டிரெயில் என்ற ஆங்கில வினைக்குப் பின்னால் இழுபட்டு வருதல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லின் வேரை, இழுவலையைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல்லில் காண்கிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் பெட்டியும் டிரெய்லர்தான். முன்னால் வரவேண்டிய ஒன்றுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், தொடக்கத்தில் அது பின்னால்தான் வந்தது. 1913இல் மார்க்கஸ் லோவின் திரையரங்குகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்டு, நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறவிருந்த ஓர் இசை நாடகத்துக்காகச் சிறு விளம்பரப் படம் ஒன்றைத் தயாரித்தார். டிரெய்லரின் வரலாற்றைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதே ஆண்டில் அமெரிக்கத் தொடர்படங்களின் ஒவ்வொரு பகுதியும் முடிந்தபின், அடுத்த பகுதியைப் பார்க்க அழைக்கும் துணுக்கைச் சேர்க்கும் வழக்கமும் தோன்றியது. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற எளிய உண்மை பிடிபட்ட பிறகு துணுக்கு படத்துக்கு முன்னால் நகர்ந்தது, பெயர் நகரவில்லை. வாலை எடுத்துத் தலையில் வைத்த பின்பும் அதை வால் என்றே அழைப்பது போன்ற விந்தை இது.

முன்னோட்டம் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிய சொல். முன் என்பது இடத்தையும் காலத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. ஓட்டம் என்பதோ திரைப்படத்துக்குத் தமிழர்கள் தாமாகவே கொடுத்த வினையிலிருந்து பிறந்தது. நம் பேச்சில் படம் ‘ஓடுகிறது’. நூறு நாள் ஓடும், ஒரு வாரத்தில் ஓட்டத்தை நிறுத்தும். எனவே முன்னோட்டம் என்று கேட்ட மாத்திரத்தில், ஓடப்போகும் ஒன்று சிறிது தூரம் ஓடிக் காட்டுகிறது என்ற பொருள் யாரும் விளக்காமலே மனத்தில் விழுகிறது. மொழிபெயர்ப்பாக வந்து மூலத்தைவிடப் பொருத்தமாக அமைந்த கலைச்சொற்களில் இதையும் தயங்காமல் சேர்ப்பேன்.

சொல்லுக்கு முன்பே செயலும் நம்மிடம் இருந்தது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, பறை முழங்க, ஊர் ஊராக நோட்டீசு வீசிச் சென்றது டூரிங் கொட்டகைக் காலத்தின் முன்னோட்டம். கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தை அச்சிட்டு, சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். எவ்வளவு சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று முன்னோட்டம் வெட்டுபவர் இன்று கணினி முன் அமர்ந்து தவிக்கும் தவிப்பு முழுவதும் அந்த ஒரே வரியில் அடங்கியிருக்கிறது.

எங்கள் இடர்ப்பாடு வேறோர் இடத்தில் தொடங்கியது. படம் எதார்த்தமானது என்பதால் முன்னோட்டமும் எதார்த்தமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். எதார்த்தம் என்ற அந்தச் சொல்லை நாங்கள் யாரும் நின்று பார்த்ததில்லை. யதா, அர்த்தம் ஆகிய இரு வடசொற்கள் சேர்ந்தது யதார்த்தம். பொருள் உள்ளபடி என்பது அதன் கருத்து. ‘ஆவோடு அல்லது யகரம் முதலாது’ என்ற தொல்காப்பிய விதிப்படி, யா என்ற வடிவில் அல்லாமல் யகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் நிற்பதில்லை. அதனால் மக்கள் வாய் அதை எதார்த்தம் என்று திருத்திக்கொண்டது. திருத்தியதோடு நில்லாமல் பொருளையும் விரித்துக்கொண்டது. ‘எதார்த்தமாகத்தான் கேட்டேன்’ என்றால் உள்நோக்கம் இல்லாமல் கேட்டேன் என்று பொருள். ‘எதார்த்தமாகப் பார்த்தேன்’ என்றால் தற்செயலாக. ‘யதார்த்தவாதி வெகுசன விரோதி’ என்னும்போது உண்மையை மறைக்காமல் பேசுபவன். கலை விமர்சனத்தில் ரியலிசத்துக்கு ஈடாக அதையே யதார்த்தவாதம் ஆக்கினோம். அந்த ஐரோப்பியச் சொல்லை 1855இல் பாரிசில் ஓவியர் கூர்பே தம் தனிக் கண்காட்சிக்கே பெயராகச் சூட்டினார். அதன் இலத்தீன் வேருக்கும் பொருள், வஸ்து என்பதே கருத்து. ஆக இரு மரபும் ‘பொருள்’ என்ற ஒரே புள்ளியில் வந்து நிற்கின்றன.

தமிழில் நடப்பியல் என்ற ஆக்கம் ஆய்வு நூல்களில் உண்டு. வாதம் என்ற ஒட்டு, தமிழ்க் காதில் தர்க்கத்தையும் கை கால் முடக்கத்தையும் நினைவூட்டுவதால், நடப்பியலே எனக்கு உவப்பானது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய இரண்டு சொற்கள் நம் இலக்கணத்திலேயே கிடக்கின்றன. ஒன்று, தொல்காப்பியர் நாடக வழக்கோடு இணைத்துச் சொல்லும் உலகியல் வழக்கு. மற்றொன்று, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் முதலில் வைத்து எண்ணும் தன்மை அணி. இயல்பு நவிற்சி என்பதும் அதுவே. ‘எவ்வகைப் பொருளும் மெய்வகை விளக்கும் சொன்முறை தொடுப்பது’ என்று அந்நூல் அதற்கு இலக்கணம் கூறுகிறது. தொடுப்பது என்ற வினை என்னை அசைத்துவிட்டது. மெய்வகையில் விளங்குவது எடுத்த பொருளால் மட்டும் நேர்வதில்லை, தொடுத்த முறையாலும் நேர்கிறது. படத்தொகுப்பு மேசையில் நாங்கள் தவறியது சரியாக அந்த இடத்தில்.

எங்கள் முதல் வெட்டு 90 நொடி, 47 ஷாட். இஸ்திரிக்காரர் கரியை விசிறுவது, கங்கு பறப்பது, அடுக்ககக் காவலாளி ‘வண்டியை இங்க போடாதே’ என்பது எனக் காட்சிகள் யாவும் எங்கள் படத்தில் உள்ளவை, யாரும் நடிக்காமல் தெருவிலேயே பதிவானவை. ஆனால் பத்து நொடி முணுமுணுப்பாக முடிந்த காவலாளியின் பேச்சை மூன்றாக உடைத்து, இடையிடையே கங்கைப் பறக்கவிட்டு, கடன் வாங்கிய முரசொலியை அடியில் ஓட்டி, ‘ஒரு தெரு. ஒரு மனிதர். ஒரு நெருப்பு.’ என்று எழுத்துப் போட்டதும், அது பழிவாங்கும் கதையின் முன்னோட்டமாகிவிட்டது. ஒவ்வொரு ஷாட்டும் உண்மை, தொடுப்பு பொய். தண்டியின் கணக்கில் இது இயல்பு நவிற்சியின் சரக்கைக் கொண்டு கட்டிய உயர்வு நவிற்சி. தெருவின் கணக்கில் ‘படம் காட்டுவது’. டிரெய்லர் என்ற சொல்லின் வேரில் இருக்கும் இழுவலை எங்களை அறியாமலே கைக்கு வந்திருந்தது.

நாணி, மறுகோடிக்குப் போனோம். இரண்டாம் வெட்டில் ஒரே ஷாட், 70 நொடி: கரி பிடித்து, பெட்டி மூடி, முதல் சட்டையின் கழுத்துப் பட்டி மடிவது வரை. இசை கிடையாது, லைவ் சவுண்ட் மட்டும். வகுப்பில் போட்டுக் காட்டியதும் மதிப்பீட்டாளர், ‘நன்று, முன்னோட்டத்தை எப்போது போடுவீர்கள்?’ என்று கேட்டார். அப்போது கசந்தாலும் கேள்வி சரியானதே. பொருள் உள்ளபடி இருந்தது, ஓட்டம்தான் இல்லை.

மூன்றாம் வெட்டை எங்கள் குழுவில் இல்லாத வகுப்புத் தோழி செய்தார். இதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். நூலுக்கு முன்னோட்டமாவது பாயிரம். முகவுரை, அணிந்துரை, புனைந்துரை என்று அதற்குப் பல பெயர்களை அடுக்குகிறது நன்னூல். அதை நூலாசிரியனே எழுதக் கூடாது, ‘தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்றும், ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே பாயிரம் செய்ய உரியவர் என்றும் விதிக்கிறது. உடன் கற்றோன் செய்த பாயிரம் எங்களுக்கு வாய்த்தது. மழைக்கும் வெயிலுக்கும் நாங்கள் காத்துக் கிடந்து எடுத்த ஷாட்டுகளின் மேல் அவருக்கு எந்தப் பாசமும் இல்லை. 12 ஷாட்டுகளை ஒரு நாளின் வரிசையிலேயே வைத்தார். காவலாளியை ஒருமுறை மட்டும், முழுதாகப் பேசவிட்டார். வண்டிச் சக்கரத்தின் அடியிலிருந்து கல்லை எடுக்கும் கையோடு நிறுத்தினார். வண்டி எங்கே போயிற்று என்பது மீதி.

இவ்வகை முன்னோட்டத்துக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் வெள்ளோட்டம் என்ற சொல்லை நினைவுபடுத்துவேன். புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் ஒருநாள் சாமியை ஏற்றாமல் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். எழுதாத ஓலை வெள்ளோலை ஆவதுபோல, இங்கும் வெள் என்பது வெறுமையைக் குறிக்கிறது. அதே தேர், அதே வடம், அதே தெரு, அதே வேகம். சாமி மட்டும் இல்லை. எதார்த்தப் படத்தின் முன்னோட்டமும் முழுப்படத்தின் வேகத்தில், அதே தெருவில், கதையின் கருவை ஏற்றாமல் ஓடுவதே என்று கொள்ளலாம். எல்லா டிரெய்லருக்கும் இப்பெயர் பொருந்தாது, பொதுவழக்கில் முன்னோட்டமே இருக்கட்டும். டீசருக்குச் சிறு முன்னோட்டம் என்பது போதும். அதற்கென்று புதுச்சொல் புனைவது வீண்வேலை.

மூன்றாம் வெட்டை இஸ்திரிக்காரரிடம் கைப்பேசியில் காட்டினோம். பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி இரண்டு முறை பார்த்தார். ‘அது மூணாவது மாடி சாரோட சட்டை இல்ல தம்பி? பொத்தான் ஒண்ணு விட்டிருந்துச்சே’ என்றார்.