புரோக்கன் கலர்: உடைவது எது?

ஓவிய வகுப்பில் 'புரோக்கன் கலர்' என்று காதில் விழுந்ததை 'உடைந்த நிறம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டவன் நான். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு கன்னம்கூட வரைய முடியாது.

விஷயம் இதுதான்: தேவையான நிறங்களைத் தட்டில் குழைத்து ஒன்றாக்காமல், தனித்தனித் தீற்றல்களாக அருகருகே வைப்பது. கிட்டப் போனால் வெறும் திட்டுகள். நாலைந்து அடி தள்ளி நின்றால் கண்ணே சேர்த்துக்கொள்ளும்.

சொல்லின் பூர்வீகம் கொஞ்சம் வேடிக்கை. பிரெஞ்சு ஓவியர்கள் 'கூலர் ரோம்ப்யூ' என்றது, தூய நிறத்தில் இன்னொன்றைக் கலந்து அதன் பகட்டை அடக்குவதை. சிவப்பில் துளி பச்சை விடுவது போல. அங்கே கலப்பதால் நிறத்தின் தூய்மை உடைகிறது. இங்கே கலக்காமல் விடுவதால் பூச்சின் தொடர்ச்சி உடைகிறது. ஒரே பெயர், நேரெதிர் வேலை.

1876-இல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் ஒரு படம் வைத்தார். இலைநிழலும் வெயிலும் விழுந்த ஒரு பெண்ணின் உடல். தோலில் பச்சையும் ஊதாவும் திட்டுத்திட்டாக. பெண்ணுடல் என்பது பச்சை, ஊதாப் புள்ளிகளோடு அழுகும் சதைக் குவியல் அல்ல என்று அவருக்கு யாராவது விளக்கக் கூடாதா என்று 'லெ ஃபிகாரோ' நாளிதழில் எழுதினார் விமர்சகர் ஆல்பெர் வோல்ஃப். படம் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வோல்ஃப் பழித்த அந்தப் பச்சை இல்லாமல் தோல் உயிர் பெறாது. மாநிறக் கன்னம் என்றால் மஞ்சள் காவி, செங்காவி, நிழல் பக்கம் மங்கிய பச்சையில் ஒரு தீற்றல், தாடையோரம் கொஞ்சம் நீலம். நிறம் மாறலாம், அடுத்தடுத்த தீற்றல்களின் வெளிச்சம் மட்டும் ஒத்துப்போக வேண்டும். பச்சை ஒரு படி வெளுத்தாலும் கன்னத்தில் பூசணம் பிடித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம், வைத்த தீற்றலைத் திரும்பத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் சேறுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சிதறு நிறம்' என்றால் தெறித்துச் சிந்தியது போலிருக்கிறது. என் ஓட்டு 'கலவா வண்ணம்' என்பதற்கு. வண்ணம் என்றால் நிறம். விதம் என்றும் பொருள். கலக்காத நிறம், கலக்காதபடி: செய்முறையே பெயருக்குள் வந்துவிடுகிறது. வண்ணம் வடசொல் வழி வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் 'கலவா நிறம்' எனலாம், ஆனால் இந்த இரட்டைப் பொருள் போய்விடும். பழைய பிரெஞ்சுப் பொருளுக்கு 'மட்டுப்பட்ட நிறம்' போதும்.

'ஸ்கின் டோன்' என்பதற்கு 'மேனி நிறம்' இருக்கிறது. கிரேயான் டப்பாவில் வெளிர் ரோஸுக்கு 'ஸ்கின் கலர்' என்று பேர் வைத்திருக்கிறோமே, எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒருவரும் கிடையாது.