மறைந்திருக்கும் வசதியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா?

ரிமோட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஜன்னல் கண்ணாடிகள் தாமே ஏறும் வசதியை, காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி அடாப்டர் என்ற கருவி மூலம் திறந்துகொண்டால் வாரண்டி போய்விடுமா என்று ஃபோக்ஸ்வேகன் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எதில் கைவைக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இத்தகைய வசதிக்கான நிரல் பெரும்பாலும் காரிலேயே உறங்கிக் கிடக்கிறது; ‘கோடிங்’ செய்யும்போது அமைப்பு வரிசையில் ஒரு பிட் 0 இலிருந்து 1 ஆகிறது, அவ்வளவே. எஞ்சினை ‘ரீமேப்’ செய்யும்போதோ எரிபொருள் அளவையும் டர்போ அழுத்தத்தையும் தீர்மானிக்கும் அட்டவணைகளே திருத்தி எழுதப்படுகின்றன.

இந்தத் திருத்தம் பிடிபடும் விதம் மிக அழகானது. எஞ்சின் கட்டுப்பாட்டு அலகு தன் நினைவகத்திலுள்ள தரவைக் கணக்கிட்டு, சிவிஎன் எனப்படும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தருகிறது; தரவு மாறினால் இந்த எண்ணும் மாறி, நிறுவனத்தின் அசல் எண்ணோடு ஒத்துப்போகாது. இது எப்படி என்று பார்க்க ஓர் எளிய உதாரணம்: 7, 3, 5 ஆகிய மூன்று எண்களை வெறுமனே கூட்டினால் 15. கடைசி இரண்டையும் இடம் மாற்றினாலும் அதே 15 தான். ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: முதலில் 28, இடம் மாற்றிய பின் 26. உண்மையான முறைகள் இதைவிட நுட்பமானவை. 32 பிட் எண் என்றால் ஏறத்தாழ 429 கோடி மதிப்புகள் சாத்தியம் என்பதால், தற்செயலாகப் பழைய எண்ணே மீண்டும் வருவது அரிது. கைதேர்ந்த ரீமேப்காரர்கள் இந்த எண்ணையும் சரிக்கட்டிவிடுவதுண்டு. ஆனால் பல அலகுகளில் எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கையும் பதிவாகிறது. பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அது பொதுவாக ஒன்று கூடுமே தவிரக் குறையாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் அழிந்துவிடும் என்பது வெறும் மூடநம்பிக்கை, ஏனெனில் ஃபிளாஷ் நினைவகத்துக்குத் தகவலைக் காக்க மின்சாரம் தேவையில்லை.

ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் இப்படி மாற்றப்பட்ட மென்பொருள் கண்டறியப்பட்டால், சேஸி எண்ணுக்கு எதிரே ‘டிடி1’ என்ற குறி விழும். எஞ்சின், டர்போ, கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கான கோரிக்கைகள் அதன்பின் மறுக்கப்படலாம். கண்ணாடியை ஏற்றும் பிட் எஞ்சின் அலகில் இல்லாததால் இந்தச் சோதனையில் சிக்குவதில்லை. ஆனால் விளக்கின் மின்திறனைக் கோடிங்கில் உயர்த்தி அதன் ஹோல்டர் உருகினால், அந்தச் செலவை நிறுவனத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. அதே விளக்கைக் காட்டி கியர்பாக்ஸுக்கு வாரண்டி மறுப்பதும் என் பார்வையில் அநியாயமே. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் சட்டத்தின் கீழ், மாற்றத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி. வாசகர் தம் வாரண்டிப் புத்தகத்தில் ‘மாற்றங்கள்’ பற்றிய பத்தியைப் படித்து, கோடிங்குக்கு முன் இருந்த மதிப்பையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.