பழைய மாதிரி ரயில் ஏன் ஓட மறுக்கிறது?

இளமையில் ஆசையாக அமைத்துப் பின்னர் பரணில் ஏற்றிவைத்த மாதிரி ரயிலைப் பல்லாண்டுகள் கழித்து இறக்கி மின்சாரம் கொடுத்தால், எஞ்சின் பெரும்பாலும் நகராது. அல்லது உறுமியபடி சூடேறும். மோட்டார் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. பல சமயம் செம்புக் கம்பிச் சுற்று நன்றாகவே இருக்கும்; எண்ணெயும் காந்தமும் வார்ப்பு உலோகமுமே மூப்படைந்திருக்கும்.

லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் வெளியிட்ட ஹார்ன்பி டப்ளோ ரயில் நல்ல எடுத்துக்காட்டு. 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில், 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் அது ஓடியது. நடுத் தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரம் கார்பன் பிரஷ் எனும் உரசும் கரித்துண்டு வழியாக, சுழலும் அச்சில் செம்புத் துண்டுகளால் அமைந்த கம்யூடேட்டருக்கும், அங்கிருந்து சுழலும் சுற்றுக்கும் சென்று, சக்கரங்களின் வழியே வெளித் தண்டவாளங்களுக்குத் திரும்பும். இப்பாதையில் எங்கு ஆக்சைடு படிந்தாலும் ஓட்டம் தடைபடும். அன்று இட்ட எண்ணெயோ காற்றுப்பட்டுக் கெட்டியாகி, அச்சுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். கார்பன் தூளுடன் கலந்து கம்யூடேட்டரின் இடுக்குகளை அடைத்து, மின்சாரம் சுற்றுக்குள் போகாமலே கடந்துசெல்லவும் வழிவிடும். பல் குத்தும் குச்சியால் இடுக்குகளைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பல எஞ்சின்கள் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன.

அப்படி ஓடத் தொடங்கியும் எஞ்சின் சூடேறுமானால், காந்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டார் சுழலும்போது, நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்க்கும் மின்னியக்கு விசை ஒன்று அதன் சுற்றிலேயே பிறக்கிறது. வேகமும் காந்தப் புலமும் கூடக் கூட வளரும் இவ்விசைதான் மின்னோட்டத்துக்குக் கடிவாளம். காந்தம் வலுவிழந்தால், பெட்டி எதையும் இழுக்காத எஞ்சின் முன்னைவிட வேகமாகச் சுழலும் என்பது வியப்பான உண்மை. ஆகவே வேகத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. பெட்டிகளை மாட்டியதும் குறை வெளிப்படும். புலம் 30 சதவீதம் குறைந்திருந்தால், அதே இழுவிசைக்கு ஏறத்தாழ 1.4 மடங்கு மின்னோட்டம் தேவை. சுற்றில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது இரட்டிப்பாகிவிடும். காந்தத்தை மறுபடி காந்தமேற்றினால் பழைய வலு திரும்பும். ஆனால் அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை) காந்தமுள்ள மோட்டாரைப் பிரித்து, சுழலியை வெளியே எடுத்தால், இடைவெளியில் இரும்புத் துண்டொன்றை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழுதுபார்ப்பதே காந்தத்தைப் பலவீனப்படுத்திவிடும்.

வார்ப்பு உலோகத்தின் சிதைவுக்கு மட்டும் மருந்தில்லை. அக்கால உடற்பகுதிகளும் சக்கரங்களும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டவை. கலவையில் சிறிதளவு ஈயம் சேர்ந்திருந்தாலும், அது படிகத் துகள்களின் எல்லைகளில் ஒதுங்கும். ஈரக்காற்று பட்டதும் அரிப்பு அந்த எல்லைகளின் வழியே உள்ளே ஊடுருவும். அரிப்பில் உண்டாகும் பொருள்கள் அதிக இடத்தை அடைப்பதால் பாகம் உப்பி, வளைந்து, இறுதியில் பொடியாகிறது. இத்தகைய வார்ப்புகளில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இன்றைய தர வரையறைக்குக் காரணம் இதுவே. வெப்பமும் ஈரமும் இச்சிதைவை விரைவுபடுத்தும் என்பதால் பரண் மிக மோசமான இடம். மின்சாரம் கொடுக்கும் முன்பே, உருப்பெருக்கியால் சக்கரங்களிலும் அடிச்சட்டத்திலும் மயிரிழை விரிசல்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. அவை தென்பட்டால் அப்பாகத்தை ஒட்டிப் பயனில்லை, மாற்றுப் பாகத்தையே பொருத்த வேண்டும்.